படத்துக்குக் கீழே இரண்டு வரி

கடப்பாரை என்ற கைதி விட்ட முதல் குத்தில் பல்லி என்ற கைதியின் முன்பல் தெறித்து, விரித்திருந்த புத்தகத்தின் மேல் விழுந்தது.

இரண்டாவது குத்துக்கு மேசையே சாய்ந்தது.

சிறைச்சாலையின் வாசிப்பு அறை. எழுத்துக்கூட்டவே மூச்சு வாங்கும் ஏழெட்டுக் கைதிகள். அவர்களை ஓரிடத்தில் உட்காரவைக்க வாத்தியார் கொண்டுவந்த தூண்டில்தான் அந்தப் புத்தகம். பனிக்கண்டத்தைக் கடந்த ஒரு பயணியின் வாழ்க்கை வரலாறு. பக்கத்துக்குப் பக்கம் படம், படத்துக்குக் கீழே இரண்டே வரி.

அந்த வரிகளின் மேல் வாத்தியார் காகிதம் ஒட்டிவிடுவார். படத்தைப் பார்த்து எவன் கதை சொல்கிறானோ, அவனே காகிதத்தைப் பிய்த்து வாசிக்க வேண்டும். அதுதான் வகுப்பின் சட்டம்.

இன்றைய படத்தில், மல்லாந்து கிடக்கும் நண்பனின் காலருகே பயணி கத்தியோடு குனிந்திருந்தான்.

"டேய், இதப் பாருங்கடா! நம்ம கடப்பாரை அண்ணன், தம்பிய அறுக்குறாரு!" என்றான் பல்லி.

அறையே சிரித்தது. கடப்பாரை சிரிக்கவில்லை.

பட்டறை இயந்திரத்தில் சிக்கிக்கொண்ட தம்பியின் கையை வெட்டி எடுத்தவன் அவன். தம்பி பிழைக்கவில்லை. சொத்துக்காகச் செய்த கொலை என்றது தீர்ப்பு. காப்பாற்றத்தான் வெட்டினேன் என்று தொண்டை கிழியக் கத்தியதை ஒருவரும் நம்பவில்லை.

இப்போது பல்லியின் முதுகு சுவரில். தரையில் தேய்த்துக் கூராக்கிய கரண்டிக் காம்பு அவன் தொண்டையில். விலக்கிவிடப் போனவன் மூக்கு உடைந்து மூலையில் உருண்டுகொண்டிருந்தான். வாசல் காவலர் விசில் ஊதியபடி ஆள் கூட்ட ஓடினார்.

கடப்பாரை புத்தகத்தை எடுத்துப் பல்லியின் கையில் திணித்தான்.

"பிய்டா காயிதத்த. வாசி. காப்பாத்தினான்னு போட்டிருந்தா விட்டுர்றேன். செத்தான்னு போட்டிருந்தா நீயும் செத்த."

"விடுப்பா, நான் வாசிக்கிறேன்." வாத்தியார் அவசரமாகக் கையை நீட்டினார்.

"நீங்க சும்மா இருங்க சார். உங்க சட்டம்தான? கத சொன்னவன்தான் வாசிக்கணும்."

பல்லி காகிதத்தைப் பிய்த்தான். மோவாயிலிருந்து வழிந்த ரத்தம் விரல்களை நனைத்தது. இரண்டு கைகளாலும் புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். கடப்பாரையும் தலையைச் சாய்த்து அதையே முறைத்தான். அவனுக்கும் பாதி எழுத்து தெரியும்.

"அ...ழு...கிய... கா...லை..."

காம்பு தோலைக் கீறி உள்ளே இறங்கியது.

"வெட்...டி... எ...டுத்...தான்."

"அடுத்தது!"

பல்லியின் கண்கள் வரியின் மேல் ஊர்ந்தன. நின்றன.

"விடி...வதற்...குள்... நண்...பன்..."

"ம்?"

"பிழைத்தான்."

கடப்பாரை வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தான்.

"சார்... சரியாத்தான் வாசிக்கிறானா?"

"சரியாத்தான்ப்பா."

காம்பு கீழே விழுந்தது. அத்தனை பெரிய உடம்பு சுவரோடு சரிந்து உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

கதவு திறந்தது. தடிகள் பாய்ந்தன. முதுகிலும் மண்டையிலும் மாறி மாறி விழுந்தபோதும் கடப்பாரை முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவனை ஒரு பக்கமும் பல்லியை இன்னொரு பக்கமும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

வாத்தியார் தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்தார். காகிதம் ஒட்டியவர் அவர்தான். அதன் அடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். பொய்யாக வாசிப்பதற்குத்தான் அப்படிக் கையை நீட்டினார்.

எழுத்துத் தெரியாமல் உளறினானே, அந்த உளறல்தான் பல்லியின் உயிரைக் காப்பாற்றியது என்று நினைத்தபடியே பக்கத்தைப் புரட்டினார்.

'விடிவதற்குள் நண்பன்' வரை சுத்தமாக இருந்தது.

அடுத்த சொல்லின் மேல், அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும், பல்லியின் கட்டைவிரல் ரத்தத்தோடு அழுந்தப் பதிந்திருந்தது.

ரேகைகளுக்கு நடுவே எழுத்துகள் தெரிந்தன.

இறந்தான்.