இல்லாதவரின் கட்டில்

சிங்காரவேலு என்று ஒருவர் கிடையாது. அவரைக் கற்பனையில் உண்டாக்கிய சுகிர்தாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு மருத்துவமனையின் நோயாளி விவரங்கள் இன்னொன்றின் கணினிக்கும் புரியும்படி அவள் ஒரு பொதுப் படிவம் செய்திருந்தாள். அதை நிரப்பும் முறையைக் காட்டத்தான், சர்க்கரை நோயில் இடது காலை இழந்த அந்தப் பெரியவரை மாதிரியாக எழுதி வைத்தாள். படிவத்தை நகலெடுத்த மருத்துவமனைகள் அவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டன.

அதைச் சரிசெய்ய அவளை வரவழைத்திருந்த இந்த மருத்துவமனையில், ஆக்சிஜன் குழாயுள்ள கடைசிக் கட்டில் அவர் பெயரில் காலியாகக் கிடந்தது. கணினி வேறு பெயரை ஏற்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில், பாயில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் சவரிமுத்து.

"அந்த ஆளை அழிச்சுட்டு இவரைப் போடுங்களேன்," என்றாள் நர்ஸ்.

சுகிர்தாவின் விரல் விசைக்கு மேலேயே நின்றது. "மத்தவங்க விவரமும் கூடவே போயிடுமோன்னு பயமா இருக்கு சிஸ்டர். சோதிச்சுப் பார்க்க நாளைக்கு ஆயிடும்."

"வராதவருக்குக் கட்டில், வந்தவருக்குத் தரை. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க!"

சவரிமுத்து கையூன்றி எழுந்தார். "நாளை வரைக்கும் தாங்காதும்மா. சிங்காரவேலு வந்துட்டாருன்னு போட்டுக்கங்க."

"ஐயா, அவருக்கு இடது கால் கிடையாது," என்றாள் சுகிர்தா.

அவர் அதற்குள் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். நர்ஸ் வேறுபக்கம் பார்த்தபடி குழாயை மாட்டினாள். டாக்டர் கையிலிருந்த கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்தார்.

"சிங்காரவேலு?"

போர்வைக்குள் இடது கால் மெல்ல மடங்கியது. சுகிர்தா குனிந்து, போர்வையின் ஓரத்தைச் செருகிவிட்டாள்.