இழுவை இல்லாத வண்டி

சூப்பர்சார்ஜருக்கு ராஜராஜன் தம் கையாலேயே சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார்.

துபாயிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த சாமான் அது. எஞ்சினுக்குள் காற்றை அடித்துத் திணித்து வண்டிக்கு இழுவையைக் கூட்டும். தஞ்சாவூர் ஜில்லாவிலேயே வேறு எவரிடமும் இல்லை என்று அவர் சொன்னார். அது என்னவென்றே யாருக்கும் தெரியாததால் யாரும் மறுக்கவில்லை.

கும்பகோணத்து மெக்கானிக் முகம்மது யூசுப் மூன்று நாளாக வீட்டுப் போர்டிகோவிலேயே காரைப் பிரித்துப் போட்டு அதைப் பொருத்தினார். மூன்று நாளும் ராஜராஜன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"இழுவையே இல்லாத வண்டிங்க. இத வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எதற்கு இந்தப் பேச்சு என்று ஊருக்கே தெரியும்.

போன ஐப்பசி மழையில், அவருடைய வயலில் களை பறித்துக்கொண்டிருந்த தங்கமணியைக் கண்ணாடிவிரியன் கடித்தது. அவள் புருஷன் தமிழரசன் சேற்றுக்காலோடு ஓடிவந்து கேட்டில் நின்று காரைக் கேட்டான். வண்டி இழுக்காதுப்பா, வெண்ணாத்துப் பாலத்து ஏத்தத்துலயே நின்னுடும், வேற பாரு என்றார் ராஜராஜன்.

பக்கத்து ஊருக்குப் போய் லோடு ஆட்டோ பிடித்து, மெடிக்கல் காலேஜ் சேர இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு அரைமணி முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், முடிக்காமல் விட்டுவிட்டார்.

தமிழரசன் சண்டைக்கு வரவில்லை. ராஜராஜனின் டிராக்டரை வழக்கம்போல ஓட்டினான். ஊர்தான் பேசியது. டீக்கடையில் ராஜராஜன் தலை தெரிந்தால் பேச்சு நின்றது. சித்திரைத் திருவிழா அழைப்பிதழில் அவர் பெயரைப் போடலாமா என்று கோயில் கமிட்டி யோசித்தது.

வண்டி அன்றைக்கு இழுக்கவில்லைதான் என்று தமிழரசன் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கடல் தாண்டி வந்த இவ்வளவு பெரிய சாமான்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். நாலு இருபதுக்கு மேல் ராஜராஜனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யூசுப் கொல்லைப்பக்கம் போயிருந்தார். இவரே பானட்டை அடித்து மூடினார். சரவெடி வெடித்தது. எலுமிச்சம்பழம் டயருக்கடியில் நசுங்கக் காத்திருந்தது.

"தமிழு, முன்னாடி ஏறுடா. நீதான் சாட்சி. டயத்த நல்லாப் பாத்துக்க."

அவர் மனைவி பிரகதீஸ்வரி உள்ளேயிருந்து ஓடிவந்து, முன்சீட்டில் பழைய துண்டு ஒன்றை விரித்துவிட்டுப் போனாள்.

துண்டின் மேல் தமிழரசன் உட்கார்ந்தான்.

வண்டி பறந்தது. உளுந்து காய்ந்த வயல்கள் பின்னால் ஓடின. "விசிலடிக்குது பாரு, கேக்குதா? காத்து உள்ள போற சத்தம்" என்றார் ராஜராஜன். தமிழரசனுக்கு டயர் சத்தம்தான் கேட்டது. தலையாட்டி வைத்தான்.

வெண்ணாற்றுப் பாலத்து ஏற்றத்தில் கியர்கூட மாற்றாமல் ஏறியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாதனை நேரத்தில் யார் போன் எடுப்பார்கள்? கட் செய்தார்.

மெடிக்கல் காலேஜ் வாசலில் நிறுத்தியபோது இருபத்தேழு நிமிடம்.

"இருவத்தேழு!" ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார். "இப்ப நீயே சொல்லு. இது மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா, ஒனக்கு நான் இல்லேன்னு சொல்லியிருப்பனா?"

தமிழரசன் ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து மாதமாக அவனுக்கும் இதை நம்பிவிடத்தான் ஆசை. நம்பினால் காலையில் அதே டிராக்டரில் ஏறி உட்காருவது கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

"ஆமாண்ணே" என்றான். "வண்டி இழுக்கலதான்."

ராஜராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பும் வழியில் அவனுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் கூட்டம் கலையாமல் நின்றது. இறங்குவதற்கு முன்பே, "தமிழு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு" என்றார். அவன் சொன்னான். இருபத்தேழு நிமிடம் என்றான். அன்றைக்கு வண்டி இழுக்கவில்லைதான் என்றான். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் முன்னால் வந்து ராஜராஜனுக்குக் கைகொடுத்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு யூசுப் வந்தார். கையில் கறுப்பாக ஒரு பெல்ட்.

"எத்தன தடவ சார் போன் பண்றது? கிரீஸ் கையோட தொட்டா பெல்ட்டு வழுக்கும்னு கை கழுவப் போனேன். அதுக்குள்ள வண்டிய எடுத்துட்டுப் போயிட்டீங்க. இத மாட்டினாத்தான சார் அந்தச் சாமானே சுத்தும்!"

கைகொடுத்தவர் கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

யூசுப் வெளியூர்க்காரர். எல்லோரும் தம்மையே பார்த்ததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். "ஒண்ணும் பயப்படாதீங்க சார். எஞ்சினுக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்று சமாதானம் சொன்னார்.

தமிழரசன் காரைச் சுற்றிக்கொண்டு அவரிடம் வந்தான்.

"அப்ப இவ்வளவு நேரம் நாங்க போயிட்டு வந்தது, பாய்?"

"பழைய எஞ்சின்லதான் தம்பி." யூசுப் பானட்டைச் செல்லமாகத் தட்டினார். "தங்கமான வண்டி. வாங்குன நாள்லேர்ந்து இப்படித்தான் இழுத்திருக்கும்."