ஐயா மனசு வைக்கணும்

சமோவாவில் உவேலேவுக்குத் தலை சுற்றியது. எல்லாம் மருமகன் மெலோவின் மாணவர் விசா விவகாரம்தான். நடுப்பாயில் அமர்ந்திருந்தவருக்குச் சுட்ட பன்றியில் நல்ல பாகமாகப் பார்த்து வைத்தார்.

“ஐயா மனசு வைக்கணும். நியூசிலாந்துல படிக்க எங்க வீட்டிலிருந்து ஒருத்தரும் போனதில்ல.”

“யோசிக்கணும். விசிறியை ஏன் நிறுத்திட்டீங்க?”

உவேலே மறுபடி விசிறினார். “என்ன குறைன்னே புரியலீங்களே.”

மெலோவின் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “படிச்சு முடிச்சுத் திரும்பி வருவான்னு விசா ஆபீஸ் நம்பணும்னு, பத்தொன்பது வயசுப் பயலுக்குக் குடும்பத் தலைவர் பட்டம் கட்டினது நீங்கதானே அண்ணே? விசா வந்து ஒரு வாரமாச்சு. இப்ப ஐயா கிளம்பமாட்டேங்கிறாரு.”

மெலோ தட்டை நீட்டினான். “தலைவரே ஊரை விட்டுப் போனா நாலு பேர் என்ன சொல்வாங்க, மாமா?”