மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

உடுப்பு போட்டிருந்தபோது நாற்பது பேரில் நாற்பது பேரும் கீழ்ப்படிந்தார்கள். உடுப்பைக் கழற்றிய பிறகும் நாற்பதுக்கு நாற்பது.

நவநீதனுக்கு இதுதான் புரியவில்லை.

சோதனை எளிமையானது. காரிமங்கலம் பேருந்து நிலையத்துத் தரையில் ஒரு மஞ்சள் கோடு. பேருந்துக்குக் காத்திருப்பவரிடம் ஒருவர் வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்வார். காரணம் சொல்ல மாட்டார். முதல் நாள் அவர் அதிகாரி போல இருப்பார்: எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத நீலச் சட்டை, தொப்பி, தோளில் பித்தளைப் பூ. இரண்டாம் நாள் சாதாரணக் கட்டம் போட்ட சட்டை.

இரண்டு நாள் எண்ணிக்கைக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் உடுப்பின் பலம். அதை மற்ற நாடுகளின் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால், போலி அதிகாரிக்கு அடங்கிப்போவதில் ஒரு நாட்டின் கலாச்சாரத்துக்குப் பங்கு உண்டா என்று தெரிந்துவிடும்.

நாற்பதில் நாற்பதைக் கழித்தால் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை வைத்து முனைவர் பட்டம் வாங்க முடியாது.

ஆனால் பெங்களூரில் இருந்த வழிகாட்டிப் பேராசிரியருக்குப் பூஜ்ஜியம் மிகவும் பிடித்துவிட்டது.

"பார்த்தீங்களா, உடுப்பே தேவையில்ல. யார் சொன்னாலும் அடங்கிடறாங்க. இதுதான்யா நம்ம தேசியக் கலாச்சாரம்! அஞ்சு மணிக்குள்ள எழுதி அனுப்புங்க, நாளைக்கு மாநாட்டுல வாசிச்சிடறேன்."

ஒரு நாட்டின் குணம் ஐந்து மணிக்கு முடிவாகிவிடும். அதன் கீழே நவநீதனின் பெயர் இருக்கும்.

எனவே அன்று, மூன்றாம் நாள், அவன் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தான்.

உத்தரவு போடுபவரின் கையிலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டான். மக்கள் நகர்ந்தார்கள். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தான். நகர்ந்தார்கள். ஷூவைக் கழற்றச் சொன்னான். நகர்ந்தார்கள். கடைசியில் பழைய லுங்கியும் ரப்பர் செருப்பும்.

அப்போதும் நகர்ந்தார்கள்.

உத்தரவு போடுபவர் மாதவராஜ். ஐம்பது வயது, உள்ளூர்க்காரர், டீக்கடையில் கிடைத்தவர். ஆடி மாதம், சும்மாதான் இருக்கிறேன் என்று அன்றைக்கே வந்துவிட்டார். கணீரென்ற குரல். ஆளைப் பார்க்கும்போது ஒரு கண்ணைச் சுருக்கிக்கொள்வார்.

சந்தைக்குத் தக்காளி கொண்டுவந்து விற்றுவிட்டு, காலிக் கூடையோடு பேருந்துக்கு நின்றிருந்தார் சின்னம்மாள்.

"யக்கா, கூடைய கீழ வெச்சிட்டு கோட்டுக்கு அந்தாண்ட நில்லுங்க. இன்னும் கொஞ்சம்... போதும், அங்கியே."

சின்னம்மாள் கூடையை வைத்தார். கோட்டைத் தாண்டினார். முந்தானையை இழுத்துவிட்டு, முகவாயைச் சற்றே உயர்த்தி, அசையாமல் நின்றார்.

எல்லோரும் இப்படித்தான். படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் நவநீதன் ஏற்கெனவே எழுதியிருந்தான்: ‘பெண்கள் முந்தானையைச் சரிசெய்கிறார்கள். ஆண்கள் தலைமுடியைக் கோதுகிறார்கள். அதிகாரத்தின் மீதான அச்சமாக இருக்கலாம்.’ இந்த வரியைப் பேராசிரியர் தொலைபேசியில் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஒரு நிமிடம் ஆயிற்று. சின்னம்மாளின் முகவாய் இறங்கவில்லை.

"எவ்ளோ நேரம்ப்பா? எடுத்தியா இல்லியா?"

"என்னம்மா எடுக்கணும்?" என்றான் நவநீதன்.

"போட்டோதான். எங்கல்யாணத்துக்கு இவங்கப்பாரு, எம்பொண்ணு கல்யாணத்துக்கு இவன். நில்லுன்னா நிக்கணும், சிரின்னா சிரிக்கணும். மாப்ள வூட்டுக்காரங்களே வாய மூடிக்கினு நின்னாங்க. நான் நிக்க மாட்டனா?"

நவநீதன் மாதவராஜின் கைகளைப் பார்த்தான். வெறும் கைகள்.

"கேமரா எங்கம்மா இருக்கு?"

"அதான் இப்பல்லாம் மேல பறக்கவுட்டு எடுக்கறாங்களே," என்று சின்னம்மாள் வானத்தைக் காட்டினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஆறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

நவநீதன் மாதவராஜின் பக்கம் திரும்பினான்.

"நீங்க கேக்கவே இல்லீங்களே சார்," என்றார் மாதவராஜ். "ஆடியில முகூர்த்தம் ஏதுங்க? அதான் சும்மா இருக்கேன்னு சொன்னேன்."

நவநீதன் பையைத் திறந்தான். நீலச் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டான். தொப்பியை வைத்தான். தோளில் பித்தளைப் பூ மின்னியது. சின்னம்மாளின் முன்னால் போய் நின்று, தன்னால் முடிந்த அளவு கனத்த குரலில் சொன்னான்.

"அம்மா, மறுபடியும் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க."

சின்னம்மாள் அவனைத் தொப்பியிலிருந்து செருப்பு வரை பார்த்தார்.

"நீ யாருப்பா சொல்றதுக்கு?"

மூன்று நாளில் அவன் காதில் விழுந்த மிக அழகான கேள்வி அது.

சின்னம்மாள் அவனை விட்டுவிட்டு மாதவராஜைப் பார்த்தார். "தம்பி, நான் போவட்டுமா?"

மாதவராஜ் போகச் சொன்னார். போனார்.

மாலை நாலரை மணிக்குள் நவநீதன் உடுப்போடு இருபது பேரிடம் சொன்னான். எட்டுப் பேர் நகர்ந்தார்கள். உடுப்பில்லாமல் இருபது பேரிடம் சொன்னான். ஒருவர் நகர்ந்தார், அதுவும் அவருடைய பேருந்து வந்துவிட்டதால். மற்றவர்கள் காரணம் கேட்டார்கள், பெயர் கேட்டார்கள், எந்த ஊர் என்று கேட்டார்கள். ஒருவர் டீ வாங்கிக்கொடுத்தார்.

ஐந்து மணிக்குப் பேராசிரியர் அழைத்தபோது, ஆய்வுமுறைப் பகுதியில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டதாகச் சொன்னான்:

‘உத்தரவு போடுபவர், சோதனை நடக்கும் தாலுகாவில் எந்தக் கல்யாணத்துக்கும் போட்டோ எடுத்தவராக இருக்கக் கூடாது.’