மணல் மட்டையின் கீறல்கள்

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கோல்ஃப் மட்டைகள் இருந்தன. மணல்குழியில் சிக்கிய பந்தைத் தூக்கி வெளியே போடுவது ஒன்று. அது மணல் மட்டை. கடைசியில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவது உருட்டு மட்டை. பதினோரு கோப்பைகள் வென்று ஓய்வுபெற்ற கோதண்டராமன், தன் ரசிகர்கள் பார்க்கட்டும் என்று இரண்டையும் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தார்.

மணல் மட்டைக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பெட்டிக்குள் வைக்கும் முன் அதன் கீறல்களையெல்லாம் தேய்த்து எடுக்கச் சொல்லிவிட்டார் அவர்.

“புதுசு மாதிரி மின்னுறே. அப்புறம் ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?” என்றது உருட்டு மட்டை.

“ஒவ்வொரு கீறலும் அவர் மணல்ல மாட்டின ஒரு நாள். ஆறாவது கோப்பைப் போட்டியில ரெண்டு தடவை வெறும் மணலைத்தான் அடிச்சார். மூணாவது தடவை நான்தானே பந்தைத் தூக்கிவிட்டேன்? அதை அழிக்க இவர் யாரு?”

அப்போது கோதண்டராமனைப் பார்க்க ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள். முந்தின நாள் போட்டியில் மணலில் சிக்கித் தோற்றவள்.

“சார், இந்த மணல் மட்டையில ஒரு கீறல்கூட இல்லையே. நீங்க மணல்ல மாட்டினதே இல்லையா?”

கோதண்டராமன் பளபளக்கும் மட்டையைப் பார்த்தார். “இல்லைம்மா. மாட்டுறவங்களுக்கு இந்த ஆட்டம் சரிப்படாது.”

அவள் தலையாட்டினாள். தோளில் இருந்த மட்டைப் பையை வாசலோரம் சாத்தி வைத்தாள். அதை எடுக்காமலே போய்விட்டாள்.

“என் கீறலை அழிச்சதைக்கூடப் பொறுத்துப்பேன்,” என்றது மணல் மட்டை. “அந்தப் பொண்ணுகிட்ட எப்படிப் பொய் சொல்ல மனசு வந்துச்சு?”