யார் பேரைப் போடுவது

இந்த முறை அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

போன முறை நிற்க வைத்துக் கேட்டார்கள். ஏழே நிமிடம். 'இவர்கள் பழங்குடியினர் அல்லர்' என்று எழுதி, மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளின் சாதிச் சான்றிதழை ரத்து செய்துவிட்டார்கள். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மறுபடி விசாரியுங்கள், இந்த முறை நியாயமாக விசாரியுங்கள் என்றது.

தீர்ப்பைக் கூடி உட்கார்ந்து படித்த விசாரணைக் குழு, ஒரு நாற்காலி வாங்கியது.

தண்ணீர் பாட்டிலும் இருந்தது. 'தாயாருக்குக் குடிநீர் வழங்கப்பட்டது' என்று தட்டச்சுப் பெண் குறிப்பில் ஏற்றினாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மூன்று பெயர்ப்பலகைகள். தலைவர் கோதண்டபாணியின் பலகையில் பெயர் ஒரு சாண், பட்டம் இரண்டு சாண். அவருக்கு இடப்பக்கம் ஓர் உறுப்பினர். வலப்பக்கம் மானுடவியல் பேராசிரியர். பேராசிரியர் முன்னால் ஒரு தடித்த புத்தகம். அவளுடைய மக்களைப் பற்றி அவரே எழுதியது. அதற்காக அந்த மலையில் பதினோரு நாள் தங்கியிருக்கிறார்.

மகளை முதலிலேயே விசாரித்து அனுப்பிவிட்டார்கள். எது கேட்டாலும் "அம்மாவுக்குத் தெரியும் சார்" என்றாளாம். 'இன வழக்கம் எதையும் அறியாதவர்' என்று ஏறிவிட்டது. இப்போது கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். இன்றைக்குத் தேறாவிட்டால் படிப்பு போச்சு. விடுதி அறையை நாளைக்கே காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.

பெண் கேட்கப் போனால் என்ன கொண்டுபோவீர்கள். சாவுத் தீட்டுக்கு எத்தனை நாள் முடி கட்டாமல் இருப்பீர்கள். குலசாமிக்கு என்ன படையல்.

சொன்னாள். சொல்லச் சொல்ல, பேராசிரியர் புத்தகத்தில் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தார். அவள் வாழ்ந்ததற்கு அவர் மதிப்பெண் போட்டார்.

"சாவுக்கு ஒரு பாட்டு உண்டே?"

"இருக்குங்க."

"பாடுங்க."



"அதைச் சும்மா பாடக்கூடாதுங்க சார். யாராச்சும் செத்துக் கிடந்தாத்தான்."

தலைவர் சிரித்தார். கோர்ட்டில் ஒருமுறை குட்டுப்பட்ட மனிதரின் கனிவான சிரிப்பு.

"இது விசாரணைம்மா. உங்களுக்கு முழு வாய்ப்பும் தர்றோம். நாலு வரி போதும். பாடலைன்னா தெரியாதுன்னுதான் எழுதணும். அப்புறம் பொண்ணு படிப்புக்கு நாங்க பொறுப்பில்லை."

அவள் கதவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பாடுறேன் சார். செத்தவங்க பேரைச் சொல்லித்தான் எடுக்கணும். யார் பேரைப் போடட்டும்?"



தலைவர் அறிவியல் படித்தவர். இதிலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறார்.

"யார் பேரையாவது போடுங்க."

அவள் கண் மேசைமேல் போயிற்று. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் அவளுக்கு.

உறுப்பினர் தன் பெயர்ப்பலகையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பேராசிரியர் தன்னுடையதன் முன்னால் புத்தகத்தை நிமிர்த்தி வைத்தார். தலைவருடையது பித்தளை. மேசையோடு திருகி இறுக்கியிருந்தது.

"என் பேரு வேணாம்," என்றார் தலைவர். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தணித்துக்கொண்டு சேர்த்தார். "விசாரிக்கிறவங்க சாட்சியத்துல வரக்கூடாது. சட்டம்."

பேராசிரியருக்கு ஒரு யோசனை. "வெளிய உங்க பொண்ணு இருக்குல்ல? அது பேரை..."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

எழுந்து தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

தன் பேரைப் போட்டுப் பாடினாள்.

நாலு வரிதான் கேட்டார்கள். ஆனால் எடுத்த பாட்டைப் பாதியில் விடக்கூடாது. அவள் பிறந்ததைப் பாடினாள். தாலி கட்டிக்கொண்டதைப் பாடினாள். ஒற்றை மகளைப் பெற்றதைப் பாடினாள். இனி வராதே, திரும்பிப் பார்க்காதே, போ என்று தன்னைத்தானே வழியனுப்பி முடித்தாள்.

தட்டச்சுப் பெண் எப்போதோ விரலை எடுத்துவிட்டிருந்தாள்.

பேராசிரியர் புத்தகத்தைப் புரட்டினார். சொல் சரி. மெட்டு சரி. பக்கத்தைத் திருப்பினார். அங்கே விரல் நின்றது. தலைவருக்குக் கேட்கும்படி வாசித்தார்.

"பிணம் இல்லாத இடத்தில் இம்மக்கள் இப்பாடலைப் பாடுவதில்லை. கொன்றாலும் பாட மாட்டார்கள்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் நிம்மதி.

"எழுதும்மா. போதிய வாய்ப்பு வழங்கப்பட்டது. வாய்ப்பைப் பயன்படுத்தி அவர் பாடினார். ஆகவே அவ்வினத்தைச் சேர்ந்தவர் அல்லர்." கொஞ்சம் யோசித்தார். "முழுவதும் பாடினார்னு போடு. இந்தத் தடவை எந்தக் கோர்ட்டும் குறை சொல்ல முடியாது."

காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

கதவைத் திறந்தாள். மெல்லிய ஒட்டுப்பலகைக் கதவு. உள்ளே பேசுவது வெளியே கேட்கும்.

மகள் பெஞ்சில் இல்லை. சுவரோரம் வெறுங்காலோடு நின்றிருந்தாள். பின்னல் முழுக்க அவிழ்ந்து, முடி முகத்தில் விழுந்து கிடந்தது.

சாப்பிடப் புறப்பட்ட தலைவர் அவளைப் பார்த்து நின்றார்.

"ஆபீஸ்னா ஒரு ஒழுங்கு வேணாமா? முடியைக் கட்டும்மா."

அம்மா எதிரிலேயே நின்றாள். கைக்கெட்டும் தூரத்தில்.

மகள் கட்டவில்லை.