கிளப்புத் தண்ணீர்

குதித்தே விட்டாள்.

ஆயா வேலைக்கென்று கொடுத்த வெள்ளைப் புடவையோடு, போட்ட கொண்டை போட்டபடி.

தொபீரென்று ஒரு சத்தம். டென்னிஸ் பந்து கேட்பாரில்லாமல் உருண்டு போயிற்று. தேநீர்க் கோப்பைகள் உதட்டுக்குப் போகிற வழியில் நின்றன. நீச்சல் குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த துரைமார், துரைசானிமார் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

தங்கச் சுரங்கத்துத் துரைமாரின் கிளப் அது. கறுப்புத் தோலுக்கும் உள்ளே இடம் உண்டு. தட்டு ஏந்தலாம், புல் வெட்டலாம், வெள்ளைக்காரக் குழந்தையைத் தூக்கி வரலாம். குளத்தைச் சுற்றிச் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆயாக்களின் மர பெஞ்சு. அந்தப் பக்கம் தண்ணீர்.

கோட்டைத் தாண்டினால் வேலை போகும். தெரிந்துதான் தாண்டினாள். காரணம் இல்லாமல் குதிக்க அவளுக்கென்ன பைத்தியமா?

முங்கினாள்.

தலைக்கு மேல் தண்ணீர் மூடிக்கொண்டது. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை.

எழுந்தாள். கை வீசினாள்.

அடேயப்பா, என்ன நீச்சல்! கிணற்றில் குதித்து வளர்ந்த உடம்பு அது. எதையும் மறக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, ஆளுயரத்துக்குத் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனாள். அலுங்காமல் குலுங்காமல் மிதந்து பழகிய துரைசானிகள் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்த கால்களை இழுத்துக்கொண்டு விலகி ஓடினார்கள்.

"ஆயா! இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!"

கைதட்டியது ஒரே ஒரு ஜீவன். அவள் தூக்கி வளர்த்த வெள்ளைக்காரக் குட்டி. அந்தத் தமிழும் அவள் கொடுத்ததுதான்.

அங்கேதான் அவளுக்குக் கை ஒரு கணம் தடுமாறியது. நாளையிலிருந்து இதைத் தூக்க முடியாது. வாய்க்குள் தண்ணீர் போயிற்று.

துப்பிவிட்டு நீந்தினாள்.

அக்கரையைத் தொட்டு, படியேறி, புடவையைப் பிழிந்தாள். கிளப்பின் செயலாளர் துரை மிளகாயைக் கடித்தவர் போல நின்றிருந்தார். வாசலைப் பார்த்துக் கையை நீட்டினார். வேலை போயிற்று.

கையோடு இன்னொரு உத்தரவும் போட்டார். குளத்தைக் காலி செய்.

கிளப்பின் வழக்கம் அது. கறுப்பு உடம்பு பட்ட தண்ணீரில் வெள்ளை உடம்பு இறங்காது. போன மாதம் தோட்டக்காரர் கால் வழுக்கி விழுந்தபோதும் இதே கூத்துதான். கடைசிச் சொட்டு வரை திறந்துவிட்டு, தரையைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினார்கள். ஊரே வறண்டு கிடந்தாலும் கிளப்புக் குழாய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

திறந்துவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று எந்தத் துரையும் கேட்டதில்லை.

மேட்டிலிருக்கும் கிளப்பிலிருந்து வாய்க்கால் நேரே பள்ளத்துக்கு இறங்குகிறது. பள்ளத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். அங்கே தெருக்குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. சுரங்கத்திலிருந்து ஏறி வரும் ஆண்கள் புழுதியோடேயே படுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு, கழுவிவிடத் தண்ணீர் இல்லை.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் வாய்க்கால் சலசலக்கத் தொடங்கிவிட்டது.

"வந்துட்டுதுடி! தண்ணி வந்துட்டுது!"

குடம், அண்டா, மண்ணெண்ணெய் டின், கைக்குக் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். மருந்து நாற்றம் அடித்தது. குடிக்க ஆகாது. ஆகாவிட்டால் போகிறது! குளிக்கலாம், துவைக்கலாம், பிள்ளைகளைத் தேய்த்துக் கழுவலாம். ஒரு சொட்டைக்கூடத் தாண்டிப் போக விடவில்லை.

வேலை முடிந்து வந்த புருஷனை வாசலில் உட்காரவைத்து, அவளே தலையில் ஊற்றினாள். முதலில் கறுப்பாக ஓடியது. பிறகு செம்மண் நிறத்தில். பிறகு தெளிந்தது.

ஊற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். வேலை போனதையும் சொன்னாள்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு சொம்பு ஊத்து" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ஊற்றினாள்.

பக்கத்து வீட்டு பவுலின் அக்கா நிறைகுடத்தோடு வந்து நின்றாள். டாக்டர் துரை பங்களாவில் ஆயா. மதியம் அதே மர பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

"இது எத்தினி நாளைக்குடி வரும்?"

"பாத்து செலவு பண்ணா, அவங்க மறுபடி ரொப்புற வரைக்கும் வரும்."

அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். குரல் தாழ்ந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாதேடி, சலோமி."

"நீச்சல் எதுக்குக்கா? கால் பட்டாப் போதும்."

"அப்ப நீ எதுக்குடி அக்கரை வரைக்கும் போன?"

அவள் ஈரக் கூந்தலை உதறி முடிந்துகொண்டாள்.

"ஆசைதான்க்கா."

பவுலின் அக்கா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள்.